கணியம்பாடிக் கணக்கு: இருபது வருடம் கழித்து ஒரு வாசிப்பு

லான்செட் இதழில் 2004 ஏப்ரலில் ஒரு ஆய்வுக் குறிப்பு வந்தது. இரண்டு பக்கம்தான். தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘தென்னிந்தியக் கிராமப்புறத்தில் இளம் வயதினரின் தற்கொலைகள்’. எழுதியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். உலகத்துக்குப் புரிய வேண்டும் என்று ‘தென்னிந்தியக் கிராமப்புறம்’ என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அது நம்ம கணியம்பாடி ஒன்றியம். வேலூரைத் தாண்டித் திருவண்ணாமலை ரோட்டில் வருகிற ஊர்கள். மாதனூரில் பஸ் ஏறி வேலூரில் மாறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

தற்கொலைத் தடுப்பு பற்றி வெளிநாட்டில் வந்த பல கட்டுரைகளின் அடிக்குறிப்பில் இந்த இரண்டு பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். நம்ம பக்கத்தில் இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. தெரிந்த வாத்தியார்கள் நாலைந்து பேரிடமும் பஞ்சாயத்து வேலையில் இருக்கிற ஒருவரிடமும் கேட்டேன். “அப்படி ஒண்ணு வந்துச்சா?” என்றுதான் பதில்.

நான் மருத்துவன் இல்லை. சாஃப்ட்வேர் வேலை, பி.இ. படிப்பு. லீவு நாளில் இப்படி எதையாவது தோண்டிக்கொண்டிருப்பது பழக்கம். அந்தக் கட்டுரையை ஒரு வாசகனாக விமர்சிப்பதும், அதைக் கையில் வைத்துக்கொண்டு மாதனூர், ஆம்பூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்று இருக்கிற மனநல சேவைகளை விமர்சிப்பதும்தான் இந்தப் பதிவு. பேச்சு முழுக்கத் தற்கொலையைச் சுற்றி வரும். இப்போது மனசு சரியில்லாமல் இருப்பவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய் அங்கே இருக்கிற எண்களில் ஒன்றைக் கூப்பிடுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

எப்படி எண்ணினார்கள்

நம்ம ஊர்ப்பக்கம் ஒரு சின்னப் பெண் இப்படி இறந்துபோனால் இரண்டில் ஒன்று நடக்கும். போலீஸுக்குத் தகவல் போனால் சந்தேக மரணம் என்று பதிவாகும். மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும். அதில் ‘தீராத வயிற்று வலி’ என்ற வார்த்தை பெரும்பாலும் இருக்கும். தகவல் போகாவிட்டால் அன்றைக்குச் சாயங்காலமே எடுத்துவிடுவார்கள். காய்ச்சல், ஃபிட்ஸ், பூச்சி கடித்துவிட்டது என்று ஏதோ ஒரு காரணம் ஊருக்குள் சொல்லப்படும். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆக வேண்டும், ஸ்டேஷனுக்கு அலைய முடியாது, அறுத்துப் பார்ப்பார்களே என்ற பயம், எல்லாம் சேர்ந்துதான் அந்தக் காரணத்தைச் சொல்ல வைக்கிறது. முயற்சி செய்தாலே குற்றம் என்று சொன்ன 309-வது பிரிவும் அந்தக் காலத்தில் இருந்தது.

கணியம்பாடியில் சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவத் துறை வேறு மாதிரி வேலை பார்த்தது. கிராமத்துக்கு ஒரு பகுதி நேரப் பணியாளர், அந்த ஊர்ப் பெண்ணாகவே இருப்பார். அவருக்கு மேல் சுகாதார உதவியாளர், அவருக்கு மேல் நர்ஸ், அவருக்கு மேல் டாக்டர். யார் வீட்டில் பிறப்பு, யார் வீட்டில் இறப்பு என்பது வாராவாரம் மேலே போகும். ஒரு சாவு நடந்தால் அந்த வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்திலும் பேசி, என்ன நடந்தது என்று கேட்டு எழுதுவார்கள். எழுதியதை டாக்டர் பார்த்து, சாவுக்கு என்ன காரணம் என்று முடிவு செய்வார். இதை வாய்மொழி மரண விசாரணை என்று சொல்லலாம். போலீஸ் கேஸ் கிடையாது, சான்றிதழ் கிடையாது. அந்த வீட்டில் பிரசவம் பார்க்க வந்தவங்க, குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவங்கதான் வந்து கேட்கிறாங்க. அதனால் உண்மையைச் சொல்கிறார்கள்.

இதே முறையில் எல்லா வயதினரையும் சேர்த்து இவர்கள் எழுதிய இன்னொரு கட்டுரை 2003-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 1994 முதல் 1999 வரை கணியம்பாடியில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 95.2 தற்கொலைகள். அதே வருடங்களில் அரசாங்கக் கணக்குப்படி தேசிய சராசரி 10, 11-ஐச் சுற்றித்தான் இருந்தது. எட்டு ஒன்பது மடங்கு வித்தியாசம். சிஸ்டம் நன்றாக ஓடுகிறது என்று டேஷ்போர்டு பச்சை காட்டும், உள்ளே பார்த்தால் பாதி சர்வரில் லாக்கே எழுதப்படவில்லை என்று தெரியும். என் தொழிலில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

148 என்ற எண்

இப்போது அந்த இரண்டு பக்கக் கட்டுரை. 1992 முதல் 2001 வரை பத்து வருடக் கணக்கு. ஒன்றியத்தின் மக்கள்தொகை சுமார் 1,08,000. வயது 10 முதல் 19 வரை. பெண் பிள்ளைகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148. ஆண் பிள்ளைகளில் 58. அந்த வயதில் இறந்துபோன பையன்களில் நாலில் ஒருவர் தற்கொலையால் இறந்திருக்கிறார். இறந்துபோன பெண் பிள்ளைகளில் பாதியிலிருந்து முக்கால்வாசிப் பேர் வரை அப்படி இறந்திருக்கிறார்கள்.

லட்சத்துக்கு 148 என்று சொன்னால் மண்டையில் ஏறாது. நானே ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். 10-19 வயதினர் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். 21,000 சொச்சம். பெண் பிள்ளைகள் அதில் பாதி, பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் வருடத்துக்குப் பதினைந்து பெண் பிள்ளைகள், ஆறு பையன்கள். ஒரே ஒன்றியத்தில். பத்து வருடத்தில் ஏறக்குறைய 150 பெண் பிள்ளைகள். ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் டூ வகுப்பு முழுசும் இவ்வளவு இருக்கும்.

இந்த எண்ணைத் தவறாகப் பயன்படுத்துவதையும் பார்க்கிறேன். ‘தமிழ்நாட்டில் லட்சத்துக்கு 148’ என்று எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். இது ஒரு ஒன்றியத்தின் எண், ஒரு பத்தாண்டின் எண். எண்ணிக்கை சின்னது என்பதால் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். மாதனூரில் இதே அளவு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. நாம் அதிலிருந்து தைரியமாக எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான்: வீடு வீடாகப் போய்க் கேட்டால் வருகிற எண்ணுக்கும் ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் இருக்கிற எண்ணுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது.

பின்னால் வந்த தேசிய அளவிலான ஆய்வும் இதைக் காட்டியது. விக்ரம் பட்டேலும் மற்றவர்களும் 2012-ல் லான்செட்டில் எழுதியது. அதுவும் வாய்மொழி விசாரணை முறைதான். 2010-ல் இந்தியாவில் சுமார் 1,87,000 தற்கொலைகள் என்று மதிப்பிட்டார்கள். போலீஸ் கணக்கில் அந்த வருடம் சுமார் 1,35,000. தற்கொலையால் இறந்த பெண்களில் 56 சதவீதம் பேர் 15-29 வயதுக்காரர்கள். அந்த வயதுப் பெண்களில் தற்கொலைச் சாவு பிரசவச் சாவின் எண்ணிக்கையை நெருங்கிவிட்டது என்றும் அந்த ஆய்வு சொன்னது. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கட்டுரையில் என்ன இல்லை

பாராட்டியாயிற்று. இப்போது குறை.

இரண்டு பக்கத்தில் எத்தனை பேர் என்று இருக்கிறது. ஏன் என்பது இல்லை. தலையீடு அவசரம் என்று முடிகிறது. பத்து வயதுக் குழந்தையும் பத்தொன்பது வயதுக் கல்யாணமான பெண்ணும் ஒரே கட்டத்தில் அடைபட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் புகுந்த வீடு இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோயிருக்கலாம். இரண்டும் ஒரே பிரச்சினை இல்லை.

அடுத்தது முறையிலேயே இருக்கிற சிக்கல். வாய்மொழி விசாரணை வீட்டாரிடம் கேட்கிறது. எப்படி இறந்தாள் என்பதை வீட்டார் சரியாகச் சொல்லிவிடுவார்கள், கணியம்பாடி அதை நிரூபித்திருக்கிறது. எதனால் இறந்தாள் என்று கேட்டால் வீட்டாரே அந்தக் கதைக்குள் ஒரு ஆளாக இருக்கலாம். அடித்த அண்ணன், கட்டாயக் கல்யாணம் பேசிய அப்பா, குடித்துவிட்டு வருகிற புருஷன். சாட்சியும் அவர்தான், சம்பந்தப்பட்டவரும் அவர்தான். செத்துப்போன பிள்ளையின் குரல் இந்த முறையில் எங்கேயும் கேட்காது. எண்ணுவதற்கு இதைவிட நல்ல முறை இல்லை. காரணம் கண்டுபிடிக்க இது போதாது.

நோய் எத்தனை, நெருக்கடி எத்தனை

அதே கணியம்பாடியில் 2010-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இந்த இடத்தில் உதவுகிறது. பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில் வந்தது. தற்கொலையால் இறந்த 100 பேரைப் பற்றி, எல்லா வயதினரையும் சேர்த்து, விரிவாக விசாரித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடு இருக்கிறவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். இறந்தவர்களில் மனநோய் என்று வரையறுக்கக்கூடிய ஒன்று இருந்தது 37 பேருக்கு. அதில் குடி அடிமைத்தனம் 16, ஒரு நெருக்கடியைத் தாங்க முடியாமல் வருகிற பாதிப்பு 15. கடும் மன அழுத்த நோய் 2 பேருக்குத்தான். தொடர்ந்து இருந்த நெருக்கடி, ஓயாத உடல் வலி, நெருங்கிய உறவு ஒன்று சமீபத்தில் முறிந்தது, தனியாக வாழ்வது ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டின.

ஓயாத உடல் வலி. பேப்பரில் ‘தீராத வயிற்று வலி’ என்று படித்துவிட்டு நாம் ஒரு மாதிரி சிரிக்கிறோம் இல்லையா? எல்லாக் கேஸிலும் அது பொய் இல்லை போல.

மேற்கத்திய ஆய்வுகள் தற்கொலையால் இறந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு மனநோய் இருந்தது என்று சொல்லி வந்தன. கணியம்பாடி 37 என்கிறது. அந்தக் குழுவைச் சேர்ந்த மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப், இந்தியாவில் தற்கொலைத் தடுப்பை ஆஸ்பத்திரிக்குள் வைத்துச் செய்ய முடியாது, மொத்த சமூகத்துக்குமான நடவடிக்கை வேண்டும் என்று தொடர்ந்து வாதாடி வந்தவர்.

இதற்கு எதிர்ச் சாட்சியும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது, மறைக்கக் கூடாது. ‘சிநேகா’வை 1986-ல் சென்னையில் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், எஸ். ராஜ்குமாருடன் சேர்ந்து 1999-ல் வெளியிட்ட சென்னை ஆய்வில், தற்கொலையால் இறந்தவர்களில் 88 சதவீதம் பேருக்கு மனநோய் இருந்தது. 37-ம் 88-ம் நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள். நகரம், கிராமம் என்ற வித்தியாசமா, எதை நோய் என்று எண்ணுவது என்ற வித்தியாசமா என்று நிபுணர்கள் வாதாடட்டும். இரண்டில் எதை எடுத்தாலும் நம்ம பக்கத்துக்கு ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. நோய் இருந்தவரும் சரி, நெருக்கடியில் இருந்தவரும் சரி, சாவதற்கு முன்னால் யாரிடமாவது போய்ச் சேர்ந்தார்களா?

பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தும்

கணியம்பாடி எங்கே இருக்கிறது என்று மறுபடி பாருங்கள். சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. 1950-களில் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் தொடங்கி வைத்தது. நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அந்தக் காலத்திலேயே கொண்டுவந்த இடம். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப்பிரிவு உண்டு. வட இந்தியாவிலிருந்து ரயில் ஏறிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த மையத்தின் வாசலில் இருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கிற ஒன்றியத்தில்தான் அந்த 148.

இதனால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யாரும் படித்துக்கொள்ள வேண்டாம். ஆட்டிசம் இருக்கிற குழந்தைக்கு, மனச்சிதைவு தொடங்குகிற பதினேழு வயசுப் பையனுக்கு, சாப்பிடாமல் படுத்துவிட்ட பிள்ளைக்கு அது உயிர். ஆனால் ‘டாக்டர் பக்கத்தில் இருந்தால் போதும்’ என்ற நம்பிக்கையைக் கணியம்பாடி உடைத்துவிட்டது. நோயாளி என்ற பெயர் வாங்காமலேயே செத்துப்போகிற பிள்ளைகளுக்கு ஓ.பி. சீட்டு உதவாது.

மாதனூரிலிருந்து பார்த்தால்

சட்டத்தில் இருந்து ஆரம்பிப்போம். மனநல பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தது, 2018 மே 29-ல் அமலானது. அதன் 18-வது பிரிவு, குழந்தைகளுக்கான மனநல சேவையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. யாரும் சிகிச்சைக்காக நீண்ட தூரம் போகும்படி இருக்கக் கூடாது, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்க வேண்டும் என்கிறது. மாவட்டத்தில் குறைந்தபட்ச சேவை இல்லாவிட்டால் வேறு இடத்தில் பார்த்த செலவை அரசு தர வேண்டும் என்றுகூடச் சொல்கிறது. படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

நடைமுறையில் இருப்பது மாவட்ட மனநலத் திட்டம். 1996-ல் நாட்டில் நாலே மாவட்டங்களில் தொடங்கியது, அதில் ஒன்று நம்ம திருச்சி. அடிப்படை யோசனை கர்நாடகத்தின் பெல்லாரியில் சோதித்துப் பார்த்தது: ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் பயிற்சி, மாவட்டத்துக்கு ஒரு மனநலக் குழு, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிக்கு வந்து பார்ப்பது. நல்ல யோசனைதான். இதன் அலகு மாவட்டம். 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது மாதனூர் ஒன்றியம் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் இப்போது ஆம்பூர், வாணியம்பாடி தாண்டித் திருப்பத்தூர், 50 கிலோமீட்டருக்கு மேல். பழைய தலைநகர் வேலூரோ 40-ஐ ஒட்டித்தான். பிரித்தால் சேவை பக்கத்தில் வரும் என்றார்கள். எங்களுக்கு இந்த விஷயத்தில் தள்ளிப் போயிற்று.

தூரத்தைவிட நேரம் பெரிய சிக்கல். இந்த பெல்ட்டில் ஷூ கம்பெனி வேலை என்றால் பெரும்பாலும் பெண்கள். காலையில் கம்பெனி வண்டி ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டுகிற நேரத்தில் இறக்கிவிடும். ஓ.பி. காலையில் நடந்து மதியத்தோடு முடியும். பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும் என்றால் அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும், அந்த மாத வருகைப் படியும் சேர்ந்து போகும். திரும்ப வரச் சொன்னால் இன்னொரு நாள்.

என் பெரியம்மா மகள் ஒருத்தர் அப்படி ஸ்டிச்சிங் வேலையில் இருக்கிறவர். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பிளஸ் ஒன் படித்த மகள் தலைவலி, வயிற்று வலி என்று ஸ்கூலுக்குப் போகாமல் நின்றுவிட்டாள். முதலில் மந்திரித்துத் தாயத்து. அப்புறம் ஒரு கிளினிக்கில் ஊசியும் டானிக்கும். அப்புறம் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, பதினெட்டாயிரம் ரூபாய் செலவு. எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட். ஒரு இடத்தில் “பொண்ணு நடிக்குது, நாலு போடுங்க, சரியாயிடும்” என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் ஒரு மனநல மருத்துவர் முன்னால் உட்கார்ந்தாள். ஸ்கூல் வண்டியில் நடந்த ஒரு விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது.

“ஏன்க்கா எனக்கு முன்னாடியே ஒரு போன் பண்ணல?” என்று கேட்டேன்.

“என்னான்னு சொல்றது தம்பி? காய்ச்சல்னா காய்ச்சல்னு சொல்லலாம். இதுக்குப் பேரு என்னா?”

இதுதான் நிலவரம். பேர் தெரியாத ஒன்றுக்கு யாரும் பஸ் ஏறிப் போக மாட்டார்கள்.

போன் வழியாக உதவி இருக்கிறதே என்பார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனாஸ், எண் 14416, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில். 104 அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறைக்கு 14417. நல்ல ஏற்பாடு, இலவசம். ஆனால் நம்ம ஊரில் பதினாறு வயசுப் பெண்ணின் கையில் இருக்கிற போன் யாருடையது? அம்மாவுடையது, இல்லை அண்ணனுடையது. யாரைக் கூப்பிட்டாய் என்று சாயங்காலம் பார்ப்பார்கள். வீட்டில் இரண்டு ரூம், சுவர் ஓரமாக நின்று பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். யாருக்கு இந்தச் சேவை அதிகம் தேவையோ அவளுக்குத்தான் தனியாகப் பேச இடமில்லை.

சிறு பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-லிருந்து ராஷ்ட்ரிய பால் சுவஸ்த்ய கார்யக்ரம் இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒன்றியம் குழு, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும். பிறவிக் குறை, ஊட்டச்சத்துக் குறை, வளர்ச்சித் தாமதம், கற்றல் குறைபாடு எல்லாம் பட்டியலில் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற, அளந்து பார்க்கக்கூடிய குறைகள். எட்டாவது படிக்கும் பெண் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் எங்கே உட்காரும்? 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13-17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் மூன்று பேர்.

வாத்தியார் தலையில் கட்டுவது

பள்ளிக்கூடம்தான் சரியான இடம் என்பதில் எல்லோருக்கும் ஒத்த கருத்து. எப்படிச் செய்வது என்பதில்தான் கோளாறு. நம்ம மாநிலத்தில் சுமார் பத்து வருடம் முன்னால் நடமாடும் உளவியல் ஆலோசனை வண்டிகள் வந்தன. மாநிலம் முழுக்கப் பத்து வண்டி. ஒரு வண்டிக்கு மூன்று மாவட்டம். ஒரு பள்ளிக்கு எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அது போக, வாத்தியார்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சி கொடுத்துப் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்வது. இன்று அதுதான் சுலபமான வழியாக இருக்கிறது.

அந்த வழி வேலை செய்யுமா என்று சோதித்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டம். முடிவுகள் 2018-ல் லான்செட்டில் வந்தன. ஒரே நிகழ்ச்சி நிரலைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் அதற்கென்றே நியமித்த உள்ளூர் ஆலோசகர்களும் நடத்தினார்கள். அந்த ஆலோசகர்கள் மனநல நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழலே மாறியது, மனச்சோர்வு, அடிதடி, கிண்டல் கொடுமை எல்லாம் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் பலன் எதுவும் தெரியவில்லை.

ஐரோப்பாவில் பத்து நாடுகளில் 11,110 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வந்தது. ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது குறிப்பிடும்படி பலன் தரவில்லை. பிள்ளைகளிடமே நேரடியாகப் பேசி, நடித்துக் காட்டி, தன்னையும் நண்பனையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்றுக்கொடுத்ததில் தற்கொலை முயற்சிகள் குறைந்தன.

காரணம் கேட்டால் ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. மார்க் போடுகிறவர், அடிக்கிறவர், வீட்டுக்குப் போன் செய்கிறவர் எல்லாம் அதே வாத்தியார். அவரிடம் போய் ‘எனக்குச் செத்துடலாம் போல இருக்கு சார்’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? வாத்தியாருக்கோ எமிஸ் பதிவேற்றம், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு. அவரைக் குறை சொல்லிப் பலனில்லை.

பெயர் போடாத சேவைகள்

இத்தனை குறை சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு செய்த மிகச் சிறந்த மனநல சேவைகள் இரண்டும் சுகாதாரத் துறையில் இருந்து வரவில்லை. பிளஸ் டூ-வில் ஃபெயிலானால் ஒரு வருடம் போச்சு என்ற நிலைமையை மாற்றி, சில வாரங்களிலேயே மறுபடி எழுத வழி செய்த துணைத் தேர்வு. அப்புறம் 2017-ல் மாநில ரேங்க் பட்டியலையே நிறுத்தியது. மே மாதத்தில் பேப்பரைப் பிரிக்கவே பயமாக இருந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். நெருக்கடியின் சுருக்கையே தளர்த்துகிற வேலை இது. ஜேக்கப் சொன்ன சமூகம் முழுமைக்குமான நடவடிக்கைக்கு நம்ம வீட்டு உதாரணம் இதுதான்.

கேட்க வேண்டியது என்ன

பிரசவச் சாவை நெருங்கிவிட்டது என்று 2012 ஆய்வு சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா? தமிழ்நாட்டில் ஒரு பெண் பிரசவத்தில் இறந்தால் அந்தச் சாவு விசாரிக்கப்படுகிறது. வீட்டில் போய்க் கேட்கிறார்கள். எந்த இடத்தில் தாமதம், வண்டி வரவில்லையா, ரத்தம் இல்லையா, டாக்டர் இல்லையா என்று மாவட்ட அளவில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 1990-களில் தொடங்கிய பழக்கம். பிரசவச் சாவு இங்கே குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் படிவமும் அந்த ஆட்களும் அந்தக் கூட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. 10 முதல் 24 வயது வரை தற்கொலையால் நடக்கிற ஒவ்வொரு சாவையும் ஏன் அதே மேஜையில் வைத்துப் பேசக் கூடாது? போலீஸ் இல்லாமல், பழி போடாமல், பெயரை வெளியே விடாமல். புதிய குற்றவியல் சட்டம் 2024 ஜூலையில் வந்தபோது பழைய 309 அதே வடிவில் தொடரவில்லை. மறைக்க இருந்த ஒரு காரணம் குறைந்திருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022-க்குத் தமிழ்நாட்டுக்கு 19,834 என்று ஒரு எண் தருகிறது. அதை வைத்து மாதனூர் ஒன்றியத்தில் எந்தக் கிராமத்துக்கு முதலில் போவது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஒன்றியத்துக்கு நாலைந்து முழுநேர ஆலோசகர்கள். வாத்தியார் இல்லை, டாக்டர் இல்லை. ஒரு பட்டப்படிப்பு, நல்ல பயிற்சி, மேலே கேட்டுக்கொள்ள ஒரு மனநல மருத்துவர். தமிழோடு உருதும் தெலுங்கும் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் அழுகை வருகிற மொழி எல்லோருக்கும் தமிழ் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து பி.பி., சுகர் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே வருகிறது, அதையே இதற்கும் பயன்படுத்தலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வீட்டுக்கு வருவது நல்லதுதான். வருகிற பெண் அதே தெருக்காரி என்பதால் சுகரைச் சொல்வார்கள், இதைச் சொல்லத் தயங்குவார்கள். கணியம்பாடியில் சாவுக்குப் பின் உண்மை சொன்னதும், உயிரோடு இருக்கும்போது மனசைத் திறப்பதும் வேறு வேறு. பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் நல்லது.

மூன்றாவது கம்பெனிகள். 500 பேர் வேலை செய்தால் நலவாழ்வு அதிகாரி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. பதினெட்டு முடிந்ததும் உள்ளே போகிற பெண்கள் நாள் முழுக்க இருக்கிற இடம் அதுதான். வாரம் ஒரு மதியம், சம்பளம் பிடிக்காமல், மேனேஜ்மென்ட்டுக்கு ரிப்போர்ட் போகாத ஒரு ஆலோசகர் அங்கே உட்கார ஒரு அறை. இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் ஷூ அனுப்புகிற ஊருக்கு இது பெரிய செலவு இல்லை. வாங்குகிற பிராண்டுகள் ஆடிட்டுக்கு வரும்போது தீயணைப்பு சிலிண்டரைப் பார்க்கிறார்கள். இதையும் கேட்கலாம்.

கணியம்பாடியில் இருந்து நாம் கற்க வேண்டியது சுலபமானது, செய்வதுதான் கஷ்டம். யாராவது வீட்டுப் படியேறிப் போய்க் கேட்டால்தான் தெரியும். கேட்காத ஒன்றியங்களில் பிரச்சினை இல்லை என்று அர்த்தம் கிடையாது. நம்ம ஒன்றியம் அப்படிக் கேட்கப்படாத ஒன்றியம்.

உங்களுக்கோ தெரிந்த பிள்ளைக்கோ உதவி வேண்டுமென்றால்: 14416 (மனநல உதவி, இரவு பகல் எப்போதும்), 104, குழந்தைகளுக்கு 1098, சிநேகா 044-24640050. சொந்த போனில் பேச முடியாத பிள்ளை உங்களிடம் வந்தால் உங்கள் போனைக் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கள்.